வழியில் கைவைக்கிற அக்கா

டீக்கடையிலிருந்து வருகிற டீயை எங்கள் ஆபீஸ் அக்கா அப்படியே குடித்து நான் பார்த்ததில்லை. கைப்பையைத் திறப்பார். உள்ளே மருந்துக்கடைப் பொட்டலம் மாதிரி சின்னச் சின்னதாக மடித்த காகிதங்கள். ஒன்றில் சுக்குப்பொடி, ஒன்றில் மிளகுத்தூள், ஒன்றில் நாட்டுச் சர்க்கரை. இதில் ஒரு சிட்டிகை, அதில் ஒரு சிட்டிகை போட்டு, பேனா மூடியால் கலக்கி, அப்புறம்தான் உதட்டில் வைப்பார். டீ சப்பென்று இருக்கிறது என்று கடைக்காரரிடம் ஒரு நாளும் சொன்னது கிடையாது. ஏன் என்று கேட்டேன்.

"அவரு டீ அவரு டீயாவே இருக்கட்டும். அவரு கையில இருந்து என் வாய்க்கு வர வழி ஒண்ணு கீது பாரு, அத நான் பாத்துக்கறேன்."

அந்தப் பேச்சில் அக்கா முழுசாக அடங்கிவிடுவார். எனக்குத்தான் அது புரிய ரொம்ப நாளாயிற்று. புரிந்த பிறகு அவரிடமிருந்து எது வந்தாலும், அவர் கைவைப்பதற்கு முன் இது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிற ஒரு வியாதி எனக்கு வந்துவிட்டது. இன்னும் போகவில்லை.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். வெப்சைட் செய்துகொடுக்கிற இடம். எல்லோர் கையிலும் பட்டன் செல்போன் இருந்த காலம் அது. லாட்ஜ்காரர், டிராவல்ஸ்காரர், நர்சரிப் பள்ளி வைத்திருப்பவர் எல்லோருக்கும் திடீரென்று ஒரு வெப்சைட் வேண்டியிருந்தது. எதற்கு என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. எங்கள் முதலாளி சித்தூர்க்காரர், தெலுங்கர். தமிழ் அவ்வளவாகப் புரியாது, பேசவும் வராது. அக்காவுக்குச் சொந்த ஊர் நகரி. வீட்டில் பவர்லூம். தறிச் சத்தத்தில் வளர்ந்தவர் என்பதாலோ என்னவோ, ஆபீசில் யார் கத்தினாலும் தலை நிமிராது. நான் வரதய்யபாளையத்துக்காரன். டைப்பிங் தெரியும் என்று உள்ளே நுழைந்தவன். மற்றதெல்லாம் அக்கம்பக்கத்து ஸ்கிரீனை எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அக்கா சொல்லித்தர மாட்டார். நான் கழுத்தை நீட்டினால், துப்பட்டாவைச் சரிசெய்கிற மாதிரி ஸ்கிரீன் முன்னால் ஒரு வீசு வீசுவார். அதற்குள் பக்கம் மாறியிருக்கும்.

நாங்கள் வெப்சைட்டுகளைக் கட்டியது ஓர் இலவச மென்பொருளின் மேல். அதற்குள் எழுத்து, படம், பட்டியல் எல்லாம் ஒரு கிடங்கில் இருக்கும். யாராவது பக்கத்தைத் திறந்தால் கிடங்கிலிருந்து அந்த எழுத்து கிளம்பி, சில வாசல்களைத் தாண்டி, ஸ்கிரீனுக்கு வந்து சேரும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கொக்கி இருக்கும். வேண்டுமானால் அந்தக் கொக்கியில் நம் ஆள் ஒருவனை நிறுத்தலாம். அவன் வருகிற எழுத்தைக் கையில் வாங்கி, கூட்டியோ குறைத்தோ மாற்றி, அடுத்த வாசலுக்கு அனுப்பிவிடுவான். கிடங்கில் இருப்பது மாறாது. பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் மாறித் தெரியும். இந்த ஆளுக்கு ஃபில்டர் என்று பெயர். அக்கா அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார். "வழியில புடிக்கிறது" என்பார்.

எனக்கு முன்னால் அங்கே இருந்த ஒருவர் நேராக மென்பொருளின் அடிவயிற்றிலேயே கைவைத்து வேண்டியபடி மாற்றி எழுதியிருந்தாராம். அதற்குப் புது வெர்ஷன் வந்த அன்று அவர் எழுதிய எல்லாம் துடைத்துக்கொண்டு போய்விட்டது. அக்கா எழுதியது மட்டும் நின்றது. ஏனென்றால் அவருடைய ஆட்கள் எல்லோரும் தனியாக ஒரே கோப்பில் இருந்தார்கள். அந்தக் கோப்புக்கு அவர் வைத்த பெயர் 'இதர'. ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருப்பார். அத்தனை கோப்புகளுக்கு நடுவில் யாருக்கும் திறக்கத் தோன்றாத பெயர்.

நானாக ஒரு ஃபில்டர் எழுதிப் பார்த்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு லாட்ஜின் பக்கத்தில் 'வெந்நீர் உண்டு' என்பதற்குப் பின்னால் நேரத்தைச் சேர்க்க நினைத்தேன். சேர்த்தேன். பக்கமே வெள்ளையாகிவிட்டது. வெந்நீரும் இல்லை, ரூமும் இல்லை. லாட்ஜ்காரர் போனில், "என்னய்யா, என் லாட்ஜை இடிச்சிட்டியா?" என்று அலறினார். அக்கா என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"கையில வாங்கினியே, திருப்பிக் குடுத்தியா?"

கொடுக்கவில்லை. வாங்கிய எழுத்தை மாற்றிவிட்டு, கடைசி வரியில் திருப்பி அனுப்ப மறந்துவிட்டேன். நம் ஆள் மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னா வேணா மாத்திக்கோ. ஆனா வாங்கினத திருப்பிக் குடுத்தே ஆவணும். இல்லன்னா நீ மாட்டிக்குவ."

மற்றவர்களாக இருந்தால் 'இல்லன்னா பக்கம் காலியாயிடும்' என்று சொல்லியிருப்பார்கள். அக்கா 'மாட்டிக்குவ' என்றார். அப்போதே எனக்கு லேசாக உறுத்தியது.

அப்புறம்தான் கவனித்தேன், அக்கா மனிதர்களின் பேச்சையும் இப்படித்தான் வழியில் பிடிக்கிறார் என்று. சென்னையிலிருந்து ஒரு டிராவல்ஸ்காரர் போனில் தமிழில் வாய்க்கு வந்தபடி திட்டுவார். முதலாளி, "ஏமண்ட்டாடு?" என்று, அதாவது என்ன சொல்கிறார் என்று கேட்பார். அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "வேலை நல்லா வந்திருக்குதாம், கொஞ்சம் சீக்கிரமா முடிச்சா சந்தோஷமாம்" என்று தெலுங்கில் சொல்வார். முதலாளி சிரிப்பார். அந்தச் சிரிப்பு அந்தப் பக்கம் போகும்போது, "சார் மன்னிப்பு கேக்கறாரு" என்று ஆகியிருக்கும். இரண்டு பேரும் சமாதானமாகப் போனை வைப்பார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்திருக்கிறேன், பொய்யில்லை.

என் தலைக்கு வந்தபோதுதான் ரசிக்க முடியவில்லை. ஊர்க் கல்யாணம் ஒன்றுக்கு இரண்டு நாள் லீவு வேண்டும் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினேன். கிடைத்தது. திரும்பி வந்த அன்று முதலாளி கேபினிலிருந்து எழுந்து வந்து என் தோளில் கைவைத்தார்.

"ஏமி பாபு, நைனாகு எலா உந்தி?"

அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். எங்கள் நைனா ஊரில் கல்லு மாதிரி இருக்கிறார். வேர்க்கடலைக் காட்டில் கூலிக்குக் களை வெட்டிக்கொண்டிருக்கிறார். நான் முழித்தேன். அக்கா கீபோர்டைத் தட்டிக்கொண்டே தெலுங்கில், "கட்டு பிரிச்சிட்டாங்களாம் சார், நடக்கறாராம்" என்றார். எந்தக் கட்டு, எந்தக் கால், எனக்குத் தெரியாது.

முதலாளி போன பிறகு, "இன்னாக்கா இது?" என்றேன்.

"கல்யாணம்னா ஒரு நாளு. கால் ஒடிஞ்சா ரெண்டு நாளு. உனக்கு ரெண்டு நாளு வேணும்னுதான கேட்ட?"

சிரித்தேன். ஆனால் அன்று பஸ்ஸில் போகும்போது வேறொரு கணக்கு மனசில் ஓடியது. என் பேச்சு அவருக்குப் போகும்போது இப்படி மாறுகிறது என்றால், அவர் பேச்சு எனக்கு வரும்போது? 'சார் உன்ன ரொம்ப நல்லா சொன்னாரு' என்று அக்கா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சார் என்னதான் சொன்னார்?

இந்தச் சந்தேகம் ஒரு பக்கம் இருக்க, ஒரு லேபர் கான்ட்ராக்டர் வந்து சேர்ந்தார். தடா பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த நேரம். ஆள் எடுத்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. வேலை கேட்கிறவர்களின் விவரத்தை வெப்சைட்டில் ஏற்ற வேண்டும். கம்பெனிக்காரர்கள் அவரவர் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்து பட்டியலைப் பார்த்து, பிடித்தவர்களைப் போனில் கூப்பிடுவார்கள். ஊர் ஊராக அவர் வாங்கி வந்த படிவங்களை டைப் செய்து ஏற்றுவது என் வேலை. அதில் என் தங்கச்சி படிவமும் இருந்தது. ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு ஆள் சேர்க்கிறவன் எங்கள் அம்மாவிடம் பேசி வைத்திருந்தான். ஊர்த் திருவிழா, கங்கம்மா ஜாத்திரை முடிந்த மறுநாள் வேன் வரும், மூன்று வருஷம் ஹாஸ்டல். அதற்குள் தடாவில் வேலை கிடைத்தால் தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வீட்டுக்கு வந்துவிடலாம். இல்லையென்றால் வேன்தான். தங்கச்சி தினமும் போன் செய்வாள்.

"ஏத்திட்டியாண்ணா?"

"மொத பேரே உன்னதுதான்."

"கால் வருமா?"

"வரும் வரும். ராத்திரி போன தலமாட்டுல வெச்சிக்கினு தூங்கு."

ஒரு நாள் கான்ட்ராக்டர் வந்து கேபினில் ரொம்ப நேரம் பேசினார். அக்காவையும் உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்த அக்கா டீயில் சுக்குப்பொடியை இரண்டு தடவை போட்டார். பிறகு சாதாரணமாக என்னிடம் கேட்டார்.

"உங்க ஊரு பின்கோடு இன்னா?"

சொன்னேன். பக்கத்து இரண்டு ஊர்களுடையதையும் கேட்டார். அதையும் சொன்னேன். சந்தோஷமாகச் சொன்னேன். எனக்கு அத்தனையும் மனப்பாடம் என்று அவருக்குக் காட்டிக்கொள்கிற சந்தோஷம்.

ஒரு வாரத்தில் வடமாலபேட்டைப் பெண்களுக்குக் கால் வந்தது. நகரிப் பெண்களுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் ஒருத்திக்கும் வரவில்லை. ஜாத்திரைக்கு இன்னும் பத்து நாள். கம்பெனிக்காரர்கள் பார்க்கிற பக்கத்தை எங்கள் ஆபீஸ் பாஸ்வேர்டில் திறந்து பார்த்தேன். தங்கச்சி பேர் இல்லை. எங்கள் ஊரில் ஒரு பேர் இல்லை. கிடங்குக்குள் போய்ப் பார்த்தால் எல்லாப் பேரும் நான் ஏற்றியபடியே பத்திரமாக இருக்கிறது. கிடங்கில் இருக்கிறது, ஸ்கிரீனில் இல்லை. அப்படியானால் வழியில் யாரோ கைவைத்திருக்க வேண்டும். ஆபீசில் அப்படிக் கைவைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான்.

மதியம் அக்கா கை கழுவப் போன நேரத்தில் 'இதர' கோப்பைத் திறந்தேன். முக்கால்வாசி இறங்கியதும் கண்ணில் பட்டது. பட்டியலைக் கையில் வாங்கு, இந்த மூன்று பின்கோடு இருந்தால் எடுத்துவிடு, மீதியைத் திருப்பிக் கொடு. முதல் பின்கோடு என்னுடையது. என் வாயால் நான் சொன்னது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. மூடிவிட்டேன்.

அக்கா வந்து டிபன் பாக்ஸைத் திறந்தார்.

"எங்க ஊரு பின்கோடு இன்னாத்துக்குக் கேட்டீங்க?"

"அட்ரஸ் சரி பாக்க."

"அட்ரஸ் சரி பாக்கவா, ஆளத் தூக்கவா?"

ஸ்பூன் நின்றது. "கோப்பத் தொறந்தியா?"

"தொறந்தேன்."

"பூராவும் படிச்சியா?"

"படிச்ச வரைக்கும் போதும்."

"பாதி படிச்சவனுக்குத்தான் பேச்சு பெரிசா வரும்."

"அதுல என் தங்கச்சி பேரு கீதுக்கா. ஜாத்திரை முடிஞ்சா மில்லு வேன் வந்துடும்."

"நான் அழிச்சேனா? ஒரு பேராச்சும் அழிச்சேனா? வெச்சது வெச்ச எடத்துல கீது."

"யாரு கண்ணுக்கும் தெரியாத எடத்துல இருந்து இன்னா பிரயோஜனம்?"

அக்கா குரலைத் தாழ்த்தினார். கான்ட்ராக்டர் கேபினில் சொன்னதாக ஒன்றைச் சொன்னார். உள்ளூர் ஆட்களைச் சேர்த்தால் ஜாத்திரைக்கு லீவு, சாவுக்கு லீவு. கம்பெனி கேட்டில் சண்டை என்று நாலு பேர் நின்றால் நாற்பது பேர் சேர்ந்துவிடுவார்கள். அதனால் பேரை மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள், ஊரில் யாராவது வந்து கேட்டால் எடுத்துக் காட்டலாம், கம்பெனிக்காரன் கண்ணில் மட்டும் படக்கூடாது. இதைச் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளினார்.

"மோர் சோறு கீது, துன்னு."

நான் துன்னவில்லை.

சாயங்காலம் அவர் பேங்குக்குப் போனபோது மறுபடி திறந்தேன். இந்தத் தடவை அடி வரைக்கும் போனேன். கடைசியில் இன்னொரு ஃபில்டர் இருந்தது. ஒரே வாசலில் எத்தனை ஆளை வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஆளுக்கு ஒரு எண் கொடுத்துவிட வேண்டும். சின்ன எண் முதலில் கைவைப்பான், பெரிய எண் கடைசியில். பேரைத் தூக்குகிற ஆளுக்குப் பத்து. இந்த ஆளுக்குத் தொண்ணூற்று ஒன்பது. அவனுக்குக் கொடுத்திருந்த வேலை: உள்ளே வந்திருப்பது கம்பெனி பாஸ்வேர்டு என்றால், எடுத்த பேர்களை எல்லாம் திரும்பப் பட்டியலில் சேர். எங்கள் பாஸ்வேர்டோ கான்ட்ராக்டர் பாஸ்வேர்டோ என்றால் ஒன்றும் செய்யாதே. கான்ட்ராக்டர் பார்த்தால் எங்கள் ஊர் இருக்காது. கம்பெனிக்காரர் பார்த்தால் இருக்கும். "கடைசில எவன் கை வெக்கறானோ அவன் சொல்றதுதான் வெளிய போவும்" என்று அக்கா அடிக்கடி சொல்வது காதில் கேட்டது.

உட்கார்ந்தபடியே கண் கலங்கிவிட்டது. அப்புறம் இரண்டு விஷயங்கள் பார்த்தேன். ஒன்று, அந்தத் தொண்ணூற்று ஒன்பதுக்குள் இன்னும் ஒரு வரி இருந்தது. நகரி பின்கோடு உள்ள பேர்களை எல்லாம் பட்டியலின் தலைக்கு ஏற்றுகிற வரி. இரண்டு, கோப்பைக் கடைசியாகத் திருத்திய நேரம். அன்று மதியம் மூன்று மணி தாண்டி. என் சண்டைக்குப் பிறகு.

அந்த ஃபில்டர் காலையிலேயே இருந்ததா? 'பூராவும் படிச்சியா' என்று கேட்டாரே, இதைத்தான் சொன்னாரா? இல்லை, நான் கத்தின பிறகு எழுதிச் சேர்த்தாரா? ஒரு எழுத்தைத் தட்டிச் சேமித்தாலும் நேரம் மாறிவிடும். முழுசாகப் படிக்காமல் மூடியவன் நான்தான். ஆனால் முன்னமே இருந்திருந்தால் எங்கள் ஊருக்கு ஏன் ஒரு கால்கூட வரவில்லை?

மூன்றாவது நாள் தங்கச்சி போன் செய்தாள்.

"அண்ணா, கூப்புட்டாங்கண்ணா! இங்கிலீஷ்ல ஹலோன்னாங்க, நானும் ஹலோன்னுட்டேன்!"

இன்டர்வியூவுக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் போனார்கள். தங்கச்சி தேறினாள். ஆர்டர் கைக்கு வர வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சனிக்கிழமை அக்கா கேபினிலிருந்து வெளியே வந்து என் டேபிள் பக்கத்தில் நின்றார்.

"திங்கக்கெழமையில இருந்து உன்ன வரவேணாம்னு சார் சொல்லிட்டாரு."

"இன்னாத்துக்கு?"

"கேக்காத. பைய எடுத்துக்கினு கெளம்பு."

"நானே போயி சார்கிட்ட கேக்கறேன்."

அக்கா கேபின் கதவை மறித்து நின்றார். "அவரு கோவமா கீறாரு. நான் சொல்லி அடக்கி வெச்சிருக்கேன். நீ உள்ள போனா உன் தங்கச்சி வேலையும் சேந்து போவும். போ."

கதவு சாத்தியிருந்தது. உள்ளே முதலாளி யாருடனோ போனில் சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. கோபமாக இருக்கிறவர் சிரிப்பாரா என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அக்கா படி வரைக்கும் வந்தார். கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். சுக்குப்பொடி.

மில் வேன் எங்கள் வீட்டு வாசலில் நிற்காமல் போயிற்று. தங்கச்சி நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினாள். இன்று லைன் லீடர். நான் சென்னைக்குப் போய் நாலு வருஷம் அடிபட்டுத் திரும்பிவந்து தடாவில் சின்னதாகக் கடை போட்டேன். அதே மென்பொருள்தான், அதே கொக்கிகள்தான். ஆனால் அந்த அக்காவை நினைக்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சல்தான் வந்தது. தன் நகரிப் பெண்களைத் தலைக்கு ஏற்றிவிட்டு, விஷயம் வெளியே வந்தால் மாட்டிவிட ஒரு ஆள் வேண்டும் என்று என்னைத் துரத்திவிட்டார். இப்படித்தான் வீட்டிலும் சொல்லி வைத்திருந்தேன்.

போன வருஷம் சித்தூரில் லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் பழைய முதலாளி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கட்டிப் பிடித்துக்கொண்டார். தமிழும் கொஞ்சம் தேறியிருந்தது.

"ஏம் பாபு, ஒரு வார்த்த சொல்லாம போயிட்ட? சென்னைல பெரிய கம்பெனில சேந்துட்டான்னு அம்மாயி சொல்லிச்சு. நானு ஸ்வீட்டு வாங்கி ஆபீசுக்கே குடுத்தேன் தெலுசா?"

அம்மாயி என்று அவர் சொன்னது அக்காவை. அவரே தொடர்ந்தார்.

"நல்லவேள, நீ போயிட்ட. திங்கக்கெழம அந்தக் கான்ட்ராக்டர் வந்து டேபிளத் தட்டினான். வேணாம்னு சொன்ன ஊரு ஆளுங்க எப்படிப் போனாங்கன்னு. அம்மாயிதான் சமாளிச்சா. அரகொறையா கத்துக்கினு ஒருத்தன் ஏதோ எழுதி வெச்சிட்டு வேலைய விட்டே போயிட்டான் சார்னு சொல்லிச்சு."

நான் நினைத்தது சரிதான். பழியைப் போட ஒரு ஆள்.

"கான்ட்ராக்டர் உடவேயில்ல. எந்த ஊருக்காரன் அவன்னு கேட்டான். கூடப்பொறந்தவங்க யாராச்சும் லிஸ்ட்டுல கீறாங்களான்னு பாக்கணும்னான். வடமாலபேட்டைன்னு அம்மாயி சொன்னா. அதோட உட்டுட்டான்." அவர் என் தோளைத் தட்டினார். "இப்ப வடமாலபேட்டையிலதான கீற, பாபு?"

"நான் வரதய்யபாளையம் சார்."

"அட, அப்படியா? நானு இத்தன வருஷமா வடமாலபேட்டைன்னுல்ல நெனச்சிக்கினு கீறேன்."

அக்கா இப்போது பெங்களூரில் இருக்கிறாராம். நம்பரைக் கொடுத்தார். செல்போனில் ஏற்றிக்கொண்டேன். எந்தப் பேரில் ஏற்றுவது என்று யோசித்து, 'இதர' என்று போட்டேன்.

ஒரு வருஷமாகிறது. தங்கச்சிக்கு இதைச் சொன்னபோது, "கூப்புடுண்ணா, கேட்டுடு" என்றாள். கேட்கலாம். அந்த ஃபில்டர் எந்த நேரத்தில் எழுதியது, என்னை எதற்காக அனுப்பினீர்கள், எனக்காகவா, என் தங்கச்சிக்காகவா, உங்கள் நகரிப் பெண்களுக்காகவா? எல்லாவற்றுக்கும் அக்கா பதில் சொல்லுவார். நான் என்ன கேட்க ஆசைப்படுகிறேனோ அதையே அழகாகச் சொல்லுவார். அது எனக்கு வந்து சேரும்போது சுக்கும் சர்க்கரையும் சரியாக இருக்கும். அதனால்தான் இன்னும் கூப்பிடவில்லை.